பழுதான மல்டிமீட்டருக்குப் பதில் எதை வாங்குவது?

பெரியாற்றுத் தண்ணீர் 1950-களின் இறுதியில் லோயர் கேம்ப் மின் நிலையத்தில் மின்சாரமாக மாறத் தொடங்கியது. அதன்பின் கம்பம் பள்ளத்தாக்கிலும் போடிநாயக்கனூரைச் சூழ்ந்த மலைச் சரிவுகளிலும் மின்சாரம் படிப்படியாக நம் தொழிலோடு ஒன்றிவிட்டது. போடிமெட்டுச் சரிவில் ஏலம் பயிரிடும் அங்கத்தினருக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டார், ஏலக்காய் ஸ்டோரில் வெப்பக் காற்றைச் செலுத்தும் விசிறி, மருந்து தெளிப்பானின் பேட்டரி ஆகியவை வேண்டும். ஆண்டிபட்டி, சக்கம்பட்டிப் பக்கம் நெசவு செய்யும் அங்கத்தினருக்குத் தார் சுற்றும் மோட்டாரும் தறிக்கு மேல் தொங்கும் விளக்கும் வேண்டும். இவற்றுள் ஒன்று நின்றால் அன்றைய வேலை நின்றது. மலைமேல் உள்ள தோட்டத்திற்கு மின் பணியாளரை அழைத்தால், அவர் கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ஆதலின், குற்றம் எங்கே என்று கண்டறியும் அளவிற்கேனும் ஒரு மல்டிமீட்டரை வீட்டில் வைத்துக்கொள்ளும் வழக்கம் நம் அங்கத்தினரிடையே பரவியிருப்பது வரவேற்கத்தக்கதே.

ஆனால் அவ்வாறு வைத்திருக்கப்படும் கருவி பெரும்பாலும் எது? 200, 300 ரூபாய்க்குக் கடைகளிலும் சந்தைகளிலும் கிடைக்கும் மஞ்சள் நிறக் கருவியே. ஓராண்டிலோ ஈராண்டிலோ அது பழுதுறுகிறது. உடனே அதே மஞ்சள் கருவி இன்னொன்று வாங்கப்படுகிறது. நான் தணிக்கைக்குச் சென்ற ஒரு சங்கத்தின் சரக்கு இருப்புப் பதிவேட்டில், "மல்டிமீட்டர் 1" என்னும் வரி சில ஆண்டுகளுக்குள் மூன்று முறை எழுதப்பட்டிருந்தது. மூன்று முறையும் குறைந்த விலைப்புள்ளியே ஏற்கப்பட்டிருந்தது. விதிப்படி அதில் குறைகூற இடமில்லை. எனினும், உயிரோடு தொடர்புள்ள கருவியைச் சாக்குப்பை வாங்குவது போல் வாங்கலாமா என்பதே இக்கட்டுரையில் ஆராயப்படும் பொருள்.

ஒரு வார்த்தை வரலாறு. பிரிட்டிஷ் தபால் இலாகாவில் பொறியாளராக இருந்த டொனால்ட் மக்காடி என்பவர், வோல்ட், ஆம்பியர், ஓம் ஆகிய மூன்றையும் அளக்கத் தனித்தனிக் கருவிகளைச் சுமந்து திரிவதில் சலிப்புற்று, மூன்றையும் ஒரே பெட்டிக்குள் அடக்கினார். 1923-இல் 'ஆவோமீட்டர்' என்ற பெயருடன் அது விற்பனைக்கு வந்தது. முள் அசையும் அக்கருவியின் வழித்தோன்றல்தான் இன்று எண்களைக் காட்டும் டிஜிட்டல் மல்டிமீட்டர். முள்ளுக்குப் பதில் எண் வந்ததால் படிப்பது எளிதாயிற்று. ஆனால் எண்ணைக் கண்டவுடன் அதனை ஐயமின்றி நம்பிவிடும் பழக்கமும் கூடவே வந்துவிட்டது.

பூஜ்யம் என்னும் பொய்

மோட்டார் கொட்டகையில் மின்சாரம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். மல்டிமீட்டரின் இரு முனைகளையும் கம்பிகளில் வைக்கிறோம். கருவி பூஜ்யம் காட்டுகிறது. கம்பியில் மின்சாரம் இல்லை என்று கருதிக் கையை வைக்கிறோம். இந்த ஒரு நொடிக்காகவே நல்ல கருவி வேண்டும் என்கிறோம். ஏனெனில், மின்சாரம் இருக்கும்போதே கருவி பூஜ்யம் காட்டுவதற்குப் பல காரணங்கள் உண்டு.

முதலாவது, சிவப்பு, கறுப்புச் சோதனை ஒயர்களில் ஒன்று உள்ளே அறுந்திருக்கலாம். மலிவுக் கருவிகளில் ஒயர் மெல்லியது. முனையின் பிடியோடு சேருமிடத்தில் மடிந்து மடிந்து உள்ளே இற்றுவிடும். வெளியே பிளாஸ்டிக் உறை முழுமையாகவே இருக்கும். இரண்டாவது, சுழற்று குமிழ் டி.சி. வோல்ட் என்னுமிடத்தில் நின்றிருக்கலாம். அவ்விடத்தில் வைத்து வீட்டு மின்சாரத்தை அளந்தால் பூஜ்யத்தை ஒட்டியே காட்டும். மூன்றாவது, 'ஹோல்டு' என்ற பொத்தான் கைதவறி அழுந்தியிருக்கலாம். முன்பு காட்டிய பூஜ்யமே திரையில் உறைந்து நிற்கும். நான்காவது காரணத்தில் கருவி குற்றமற்றது. நியூட்ரல் கம்பி எங்கேனும் அறுந்திருந்தால், பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே கருவி காட்டும் பூஜ்யம் பொய்யன்று. ஆயினும் பேஸ் கம்பியில் 230 வோல்ட் உயிரோடுதான் இருக்கிறது. அக்கம்பியை, ஈரத்தரையில் நிற்கும் ஒருவர் தொட்டால் என்னாகும் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இதற்கு ஒரு முறை உண்டு. முதலில், மின்சாரம் நிச்சயமாக இருக்கும் வேறோர் இடத்தில் கருவியை வைத்து அது 230-ஐ ஒட்டிக் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு, ஐயத்திற்குரிய இடத்தில் பேஸ்–நியூட்ரல், பேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த் ஆகிய மூன்றையும் அளக்க வேண்டும். அதன்பின், முதலில் சோதித்த இடத்திற்கே திரும்பிச் சென்று கருவி இன்னும் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். இம்மூன்றும் முடிந்தாலன்றிக் கம்பியில் கைவைத்தல் ஆகாது. சோதிக்குமுன் மெயின் ஸ்விட்ச்சை நிறுத்தி, ஃப்யூஸ் கட்டைகளைக் கழற்றித் தம் சட்டைப் பையிலேயே போட்டுக்கொள்ளும் வழக்கமும் நன்று. பையில் இருக்கும் கட்டையைப் பிறர் வந்து மாட்ட இயலாதன்றோ?

இதற்கு நேர்மாறான தொல்லையும் ஒன்றுண்டு. டிஜிட்டல் கருவியின் உள்தடை மிகப் பெரிது. பொதுவாக 10 மெகா ஓம். அதனால், இணைப்பு நீக்கப்பட்ட கம்பி ஒன்று, மின்சாரம் ஓடும் கம்பியோடு ஒரே குழாயில் நெடுந்தூரம் சென்றால், அதில் 40, 60 வோல்ட் இருப்பது போலக் கருவி காட்டும். இது வெறும் நிழல் வோல்ட். குறைந்த உள்தடையில் அளக்கும் வசதி சில கருவிகளில் உண்டு. அவ்வசதியுள்ள கருவி நிழலையும் மெய்யையும் பிரித்துக் காட்டும். அது இல்லாதவர்கள், எண் எதுவாயினும் கம்பியில் மின்சாரம் இருப்பதாகவே கொள்ளுதல் தகும்.

வகை எண்ணைப் பாருங்கள்

கருவியின் துளைகளுக்கருகே சி, ஏ, டி என்னும் மூன்று ஆங்கில எழுத்துக்களும் அவற்றையடுத்து ரோமன் எண்ணும், பின்னர் 300, 600, 1000 போன்ற வோல்ட் அளவும் பொறிக்கப்பட்டிருக்கும். பேச்சில் இதனைக் 'கேட் 2', 'கேட் 3' என்பர். கேட் 2 என்பது சுவரிலுள்ள பிளக்கில் செருகும் சாதனங்களுக்கு உரியது. கேட் 3 என்பது வீட்டின் ஸ்விட்ச் போர்டு, மெயின் போர்டு, நிலையாக அமைந்த மோட்டார் ஸ்டார்ட்டர் ஆகியவற்றுக்கு உரியது. கேட் 4 என்பது தெருக் கம்பத்திலிருந்து சர்வீஸ் ஒயர் வந்து சேருமிடத்திற்கு உரியது. மின் மூலத்திற்கு அருகே செல்லச் செல்ல எண் உயரும் என்று நினைவிற் கொள்க.

இவ்வெண் ஏன் வேண்டும்? 230 வோல்ட்தானே, 600 வோல்ட் வரை தாங்கும் கருவி எதுவாயினும் போதுமே என்று கேட்கலாம். நம் மலைப்பகுதியில் கோடை மழையோடும் ஐப்பசி மழையோடும் இடி வருவது யாவரும் அறிந்ததே. தொலைவில் மின்கம்பியின்மேல் இடி விழுந்தாலும், அல்லது பெரிய மோட்டார் ஒன்று திடீரென நிறுத்தப்பட்டாலும், கண்ணிமைக்கும் நேரத்திற்குச் சில ஆயிரம் வோல்ட் அலையொன்று கம்பி வழியே ஓடிவரும். கருவிக்குள் இரு முனைகளுக்கும் இடைவெளி போதாதிருந்தால் அந்த அலை தீப்பொறியாகத் தாவும். பொறி தாவிய வழியைப் பற்றிக்கொண்டு 230 வோல்ட் மின்சாரமே பின்தொடர்ந்து பாய, கருவி கையிலேயே வெடிக்கும். இடைவெளியும் தடுப்பும் அந்த அலையைத் தாங்கும்படி அமைந்துள்ளனவா என்பதையே வகை எண் தெரிவிக்கிறது. ஆகவே, வீட்டு மெயின் போர்டையும் மோட்டார் ஸ்டார்ட்டரையும் சோதிக்க விரும்பும் அங்கத்தினர் கேட் 3, 600 வோல்ட் என்பதற்குக் குறைந்த எதனையும் வாங்கலாகாது என்பது என் துணிபு. மூன்று பேஸ் இணைப்பில் இரு பேஸ்களுக்கு இடையே 400 வோல்ட்டுக்கு மேலும் இருக்கும் என்பதையும் ஈண்டு நினைக்க. பொதுவாக இவ்வகை எண்கள் கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டர் உயரம் வரை செல்லும். போடிமெட்டு அவ்வரம்புக்குக் கீழேயே இருப்பதால் நமக்கு அதுபற்றிக் கவலையில்லை.

எழுத்தை மட்டும் நம்புவதும் தவறு. அச்சடிப்பதற்குச் செலவு குறைவு. மலிவுக் கருவிகள் சிலவற்றில் கேட் 3 என்று அச்சிட்டிருக்க, உள்ளே மெல்லிய கண்ணாடி ஃப்யூஸ் ஒன்றே இருப்பதுண்டு. கடைக்காரர் இசைந்தால் பின்மூடியைத் திறந்து பார்க்கலாம். மணல் நிரம்பிய பீங்கான் உடலுடைய தடித்த ஃப்யூஸ் இருந்தால் அது நல்ல அறிகுறி. சோதனை ஒயர்களிலும் வகை எண் பொறித்திருக்க வேண்டும். கேட் 3 ஒயரில் வெளியே தெரியும் உலோக முனை 4 மில்லிமீட்டருக்கு மேல் இராது. மலிவுக் கருவிகளின் முனை ஊசிபோல் நீண்டிருக்கும். அது ஒரு கம்பியைத் தொடும்போது பக்கத்திலுள்ள கம்பியையும் தொட்டுவிடும்.

ஆம்பியர் துளை வேண்டுமா?

பெரும்பாலோர் என்னோடு மாறுபடுவது இவ்விடத்தில்தான். வீட்டிற்கு வாங்கும் கருவியில் ஆம்பியர் அளக்கும் துளை இல்லாதிருப்பதே மேல் என்று கருதுகிறேன்.

காரணம் யாதெனில், ஆம்பியர் துளையில் ஒயரைச் செருகிய கருவி ஏறக்குறைய ஒரு செப்புக் கம்பிக்குச் சமம். மின்னோட்டம் அதன் வழியே தடையின்றிச் செல்ல வேண்டும் என்பதற்காகவே அவ்வாறு அமைக்கப்பட்டுள்ளது. பேட்டரியின் ஆம்பியரை அளந்த ஒருவர் ஒயரை அத்துளையிலேயே விட்டு வைக்கிறார். மறுநாள் வீட்டிலுள்ள மற்றொருவர் அதே கருவியைப் பிளக்கில் வைத்து வோல்ட் அளக்க முயல்கிறார். பேஸும் நியூட்ரலும் நேராக இணைந்துவிடுகின்றன. நல்ல கருவியாயின் உள்ளிருக்கும் ஃப்யூஸ் போகும், நஷ்டம் அவ்வளவே. மஞ்சள் கருவியின் 10 ஆம்பியர் துளையருகே 'ஃப்யூஸ் இல்லை' என்று ஆங்கிலத்தில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. அங்கே போகக்கூடியது ஒயரும் கையும்தான்.

மேலும், நமக்கு அத்துளையால் பயனும் குறைவு. 5 குதிரைச் சக்தி மூன்று பேஸ் மோட்டார் முழுச் சுமையில் பேஸ் ஒன்றுக்கு ஏறத்தாழ 7.5 ஆம்பியர் எடுக்கும். ஆனால் கிளம்பும்போது அதனைப்போல் ஐந்தாறு மடங்கு இழுக்கும். 10 ஆம்பியர் துளை அதற்கு எம்மாத்திரம்? மோட்டாரின் ஆம்பியரை அறிய விரும்புவோர், கம்பியை வெட்டாமல் சுற்றிப் பிடித்தே அளக்கும் கிளாம்ப் மீட்டரை வாங்குதல் வேண்டும். அது ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து ஒன்று வாங்கினாலே போதிய பொருள்.

எவை தேவை, எவை தேவையில்லை என்று இனிப் பார்ப்போம். ஏ.சி., டி.சி. வோல்ட், ஓம், ஒயர் தொடர்ச்சியை அறிவிக்கும் ஒலி ஆகியவை இன்றியமையாதவை. 1,000 வாட் ஹீட்டர் சுருளின் தடை ஏறத்தாழ 53 ஓம் இருக்க வேண்டும். எல்லையின்றிக் காட்டினால் சுருள் அறுந்தது என்பது உறுதி. தெளிப்பானிலுள்ள 12 வோல்ட் ஈய பேட்டரி நிரம்பி ஓய்ந்திருக்கையில் 12.6, 12.7 என்று காட்ட வேண்டும்; 12-க்குக் கீழே இறங்கியிருந்தால் அன்று அதனைத் தோட்டத்திற்குத் தூக்கிச் செல்வது வீண் சுமை. கண்டென்சரை அளக்கும் வசதியும் வீட்டில் மிகப் பயன்படும். கூரை விசிறி மெதுவாகச் சுழன்றால் பெரும்பாலும் அதன் 2.5 மைக்ரோஃபாரட் கண்டென்சர் தேய்ந்திருக்கும். அளக்குமுன் அதன் இரு முனைகளையும் ஒரு பல்பின் வழியே இணைத்து, தேங்கிய மின்சாரத்தை வெளியேற்றிவிடுக.

ஏலத்தோட்ட அங்கத்தினருக்கு மற்றொரு வசதியும் உண்டு. சில கருவிகள் 'கே' வகை வெப்பமானி ஒயரோடு வருகின்றன. பச்சைக் காயில் நூற்றுக்கு 80 பங்கு இருக்கும் ஈரத்தை 10, 12 பங்காகக் குறைப்பதே ஸ்டோரின் வேலை. காயின் பசுமை கெடாமலிருக்க, உலர்த்தும் அறையின் வெப்பம் 45 முதல் 50 டிகிரியில் நிற்க வேண்டும். சுவரில் தொங்கும் வெப்பமானி ஓரிடத்து வெப்பத்தையே காட்டும். ஒயரின் நுனியைத் தட்டுக்களுக்கிடையே மேலும் கீழும் வைத்துப் பார்த்தால் எந்த மூலை சூடேறுகிறது என்பது தெரியவரும். நிறம் வெளுத்த காய்க்குப் போடி ஏல மையத்தில் என்ன விலை கிடைக்கும் என்பதை அங்கத்தினர் என்னைவிட நன்கறிவர். இவ்வெப்ப அளவில் இரண்டு மூன்று டிகிரி முன்பின் இருக்கலாம். கொதிநீரில் வைத்துச் சோதிப்போர், போடிமெட்டு உயரத்தில் தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதை நினைவிற் கொள்க. 100 காட்டவில்லை என்று கருவியைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுப்பது நியாயமாகாது. வோல்ட் அளக்கும் முன் வெப்ப ஒயரைக் கழற்றிவிட வேண்டும் என்பதையும் மறவற்க.

'உண்மை ஆர்.எம்.எஸ்.' என்று பொறித்த கருவிக்கு விலை கூடுதல். மின்வாரிய மின்சாரத்தை மட்டும் அளப்பவருக்கு அது வேண்டுவதில்லை. வீட்டில் சதுர அலை இன்வெர்ட்டர் வைத்திருப்போருக்கு வேண்டும். முழுச் சதுர அலையில் 230 வோல்ட் இருக்கும்போது சாதாரணக் கருவி 255 என்று நூற்றுக்கு 11 பங்கு மிகைபடக் காட்டும். எத்தனை தசம இலக்கங்கள் என்பது பற்றிக் கடைகளில் மிகுதியாகப் பேசுவர். 230-ஐ 230.4 என்று காட்டுவதால் நமக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

பெயர்களையும் கூறுமாறு அங்கத்தினர் கேட்பர். ஃப்ளூக் நிறுவனத்தின் 101 என்னும் சிறு கருவி கேட் 3, 600 வோல்ட் வகையைச் சேர்ந்தது, ஆம்பியர் துளை அறவே இல்லை, கண்டென்சரை அளக்கும், சட்டைப் பையில் அடங்கும். விலை மஞ்சள் கருவியைப்போல் பல மடங்கு. நம் நாட்டில், நாசிக் நகரில் 1982-இல் பதிவுபெற்ற ரிஷப் நிறுவனம் மல்டிமீட்டர்கள் செய்கிறது. மோட்வானே என்னும் பெயரும் பழைய மின் பணியாளர்களுக்குப் பழக்கமானது. காந்தியடிகளின் கூட்டங்களில் ஒலிபெருக்கி அமைத்த சிகாகோ ரேடியோ நிறுவனம் இந்த மோட்வானே குடும்பத்தாருடையதே. எப்பெயராயினும், மேலே கூறிய வகை எண், ஃப்யூஸ், ஒயர் மூன்றையும் பார்த்த பிறகே விலை பேசுக. போலிகளும் உலவுவதால் ரசீது பெறுதல் கட்டாயம்.

கடையில் வாங்குமுன் ஐந்து நிமிடம் செலவிடத் தயங்க வேண்டாம். ஓம் நிலையில் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொடுவித்து ஒயர்களை முறுக்கியும் வளைத்தும் பார்க்க. எண் அரை ஓமுக்குள் அசையாது நின்றால் ஒயர் நன்று. கடையின் பிளக்கில் வோல்ட்டை அளந்து, கடைக்காரரின் வேறொரு கருவியோடு ஒப்பிடுக. சுழற்று குமிழ் ஒவ்வொரு நிலையிலும் அழுத்தமாகப் பதிய வேண்டும். இரு நிலைகளுக்கு நடுவே தயங்கி நிற்கும் குமிழ் நாளடைவில் பொய் சொல்லும்.

மல்டிமீட்டரால் ஆகாத காரியம் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். மழைக்காலத்தில் மோட்டாரின் சுருளில் ஈரம் ஏறி, உடலில் மின்சாரம் கசிகிறதா என்பதை இது உறுதியாகக் காட்டாது. இதன் ஓம் நிலை சில வோல்ட்டிலேயே இயங்குகிறது. 500 வோல்ட்டில் சோதிக்கும் மெக்கர் அதற்கென உள்ளது. ஸ்டோர் முழுமூச்சாக இயங்கும் காலமும் மலையில் மூடுபனியும் மழையும் நிற்கும் காலமும் பெரும்பாலும் ஒன்றே. ஈரக் கையோடும் ஈரத் தரையோடும் வேலை செய்யும் இடங்களில் 30 மில்லி ஆம்பியர் கசிவு முறிப்பான் பொருத்தியிருக்க வேண்டும். எத்துணை நல்ல மல்டிமீட்டரும் அதற்கு ஈடாகாது.

இனி, வைத்துப் பேணும் முறை. குளிர்ந்த வெளியிலிருந்து வெம்மையும் ஈரமும் நிறைந்த ஸ்டோருக்குள் கருவியைக் கொண்டுசென்றால், கண்ணாடி வியர்ப்பது போல் அதன் உள்ளும் வியர்க்கும். கால் மணி நேரமாவது உறையோடு வைத்திருந்து பிறகு எடுக்க. மூடியுள்ள டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வைத்தால் துளைகளில் பச்சை களிம்பு ஏறாது. பேட்டரி குறைந்த அடையாளம் திரையில் தோன்றிய பிறகு மலிவுக் கருவிகள் உள்ளதைவிட மிகுதியாகக் காட்டத் தொடங்கும். ஆதலின் அன்றே பேட்டரியை மாற்றுக. பறிப்பு முடிந்து கருவி சும்மா இருக்கும் மாதங்களில் பேட்டரியை வெளியே எடுத்து வைப்பது நன்று. அது கசிந்தால் கருவியின் உட்பகுதியையே அரித்துவிடும்.

பழைய மஞ்சள் கருவி இன்னும் ஓடுமாயின் எறிந்துவிட வேண்டுவதில்லை. அதன் 10 ஆம்பியர் துளையை எம்-சீல் கொண்டு அடைத்து, "பேட்டரிக்கு மட்டும்" என்று தமிழில் எழுதி முதுகில் ஒட்டி, டார்ச் விளக்கு, தெளிப்பான் பேட்டரி ஆகியவற்றைச் சோதிக்க வைத்துக்கொள்ளலாம். புதிய கருவியோடு ஒரே டப்பாவில் மட்டும் வைக்க வேண்டாம். அவசரத்தில் கைக்கு எது முதலில் அகப்படும் என்று சொல்வதற்கில்லை.